விழுந்தவரைத் தூக்குவதற்கு முன்

(வாழைச்சேனைக் கிளைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான எமது தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பதுளையிலிருந்து செங்கலடி வீதியால் இறங்கி, வடக்கே திரும்பி உங்களிடம் வந்திருக்கிறோம். இங்கே இருப்பவர்களில் சிலருடைய குடும்பங்கள் 1977இலும் 1983இலும் அடிபட்டு, உதைபட்டு, மலையை விட்டு இறங்கியவை. மற்றவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்து, தென்னந்தோட்டத்திலும் மரமுந்திரிகைத் தோட்டத்திலும் காகித ஆலையிலும் உழைத்த குடும்பங்கள். மலையில் நாங்கள் கொழுந்துக் கூடையோடு சரிவில் சறுக்கி விழுகிறோம். இங்கே நீங்கள் தென்னையிலிருந்து விழுகிறீர்கள். தொழில் வேறாக இருந்தாலும் உடையும் எலும்பு ஒரே எலும்புதான்.

சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் மற்றத் தோழர்கள் பேசிவிட்டார்கள். எங்களுக்குத் தந்த விடயம் வேறு. தலையில் அடிபட்டால், முள்ளந்தண்டு உடைந்தால், நரம்பு அறுந்தால் என்ன செய்வது? இவற்றைப் பற்றி உலகத்தில் பெரிய பெரிய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றுக்கும் லயத்தில் இருக்கிற எங்களுக்கும் என்ன தொடர்பு? அதைத்தான் பேச வந்தோம்.

முதலில் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஆளின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லமாட்டோம். நடந்தது இதுதான்.

சில வருடங்களுக்கு முன், ஒரு காலை, நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறிய அண்ணன் ஒருவர் விழுந்துவிட்டார். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். சத்தம் கேட்டு மலையில் நின்ற எல்லோரும் ஓடினோம். அவர் மல்லாக்காகக் கிடந்தார். நினைவு இருந்தது. "இடுப்பு வலிக்குது" என்றார். நாங்கள் என்ன செய்தோம்? "தூக்குங்கடா" என்று ஒரு குரல். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்தோம். இரண்டு பேர் காலைப் பிடித்தோம். நடுவில் உடம்பு வில்லாக வளைந்தது. ஒரு கல்லில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தேய்த்துவிட்டோம். பிறகு வாகனத்துக்கு அனுமதி கேட்டு ஒருவர் ஓட, பெரிய துரை வெளியில் போயிருக்கிறார் என்று பதில் வர, கடைசியில் கொழுந்து லொறியில், சாக்குகளின் மேல், அவரைப் படுக்க வைத்துக் கொண்டு போனோம். வைத்தியசாலை வாசலைக் காணும்போது இரண்டரை மணித்தியாலம் கடந்துவிட்டது.

அங்கே இருந்த இளம் டொக்டர் கோபமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "விழுந்தவுடனே காலை அசைச்சாரா?"

யாருக்கும் பதில் வரவில்லை. பின்னால் நின்ற அவருடைய மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "மரத்தடியில கிடக்கும்போது செருப்பு கழண்டு கிடந்துச்சு. அவரு காலால தேடுனாரு ஐயா."

அதற்குப் பிறகு அந்தக் கால் அசையவே இல்லை.

தோழர்களே, அந்தக் கால் விழுந்த வேகத்திலேயே கெட்டதா, நாங்கள் தூக்கியதால் கெட்டதா என்று எந்த டொக்டராலும் இன்று சொல்ல முடியாது. உள்ளே வீங்கி, சில மணித்தியாலம் கழித்துச் செயலிழப்பதும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, இன்னும் போகவில்லை. நாங்கள் அவருக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை, பாசத்தோடுதான் தூக்கினோம். பாசம் மட்டும் போதாது என்பதை அன்றைக்குப் படித்தோம்.

முள்ளந்தண்டு என்பது எலும்புகளை அடுக்கிக் கோத்தது போல. அதன் நடுவே முண்ணாண் ஓடுகிறது. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். மூளை சொல்வதைக் காலுக்குக் கொண்டு போவதும், கால் உணர்வதை மூளைக்குக் கொண்டு வருவதும் அதுதான். மலமும் சிறுநீரும் அடக்குவதும் அதன் வழியேதான். எலும்பு உடைந்தாலும் முண்ணாண் தப்பியிருக்கலாம். உடைந்த எலும்பின் கூரான முனை பக்கத்திலேயே இருக்கும். அந்த நேரத்தில் உடம்பை வளைத்தால், திருப்பினால், உட்கார வைத்தால், தப்பியிருந்த முண்ணாணையும் அது நசுக்கலாம். ஆகவே விழுந்தவருக்கு இரண்டு ஆபத்து இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தது முதலாவது. அதை யாராலும் திருப்ப முடியாது. பிறகு வரும் மணித்தியாலங்களில் நடப்பது இரண்டாவது. அதைத் தடுக்க எங்களால் முடியும்.

தம்பிமார் எல்லோரும் கிரிக்கெட் பார்ப்பவர்கள். 2019 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் நடந்த டெஸ்ட் போட்டி ஞாபகம் இருக்கிறதா? எங்கள் நாட்டு வீரர் திமுத் கருணாரத்னவின் கழுத்துப் பக்கத்தில் பந்து பட்டது. அவர் மைதானத்தில் விழுந்தார். அவரைக் கையைப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போகவில்லை. கழுத்துக்குப் பட்டி போட்டு, தட்டையாகப் படுக்க வைத்து, அப்படியே வெளியே கொண்டு போய் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். பெரிய காயம் இல்லை, அதே இன்னிங்ஸில் திரும்பி வந்து துடுப்பெடுத்தார். பெரிய காயம் இல்லை என்று தெரிவதற்கு முன்பே, இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு விளையாட்டு வீரருக்கு அது கிடைக்கலாம் என்றால், தென்னையிலிருந்து விழுந்த தொழிலாளிக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அதற்கு வேண்டியது பெரிய இயந்திரம் அல்ல. ஒரு நீளமான பலகையும், பழகிய ஐந்து பேரும் போதும்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். "படிச்ச டொக்டர்மார் செய்யிற வேலை, நமக்கென்ன" என்று யாரும் எழுந்து போக வேண்டாம். பாசம் போதாது என்று நாங்கள் மலையில் படித்ததை, டொக்டர்மாரும் ஒரு முறை படித்தார்கள்.

தலையில் பலத்த அடி பட்டால் மூளை வீங்கும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீரொய்ட் என்ற மருந்தைக் கொடுப்பது உலகத்தின் பல வைத்தியசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேலாக வழக்கமாக இருந்தது. வீக்கம் குறைந்தால் ஆள் பிழைப்பார் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே பிழைக்கிறார்களா என்று போதிய அளவு எண்ணிப் பார்த்தவர்கள் இல்லை. லண்டன் நகரத்துப் பொதுச் சுகாதாரக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்க்கத் தீர்மானித்தார்கள். 'கிராஷ்' என்பது அந்த ஆராய்ச்சியின் பெயர். 49 நாடுகளில் 239 வைத்தியசாலைகள் சேர்ந்தன. தலைக்காயத்தோடு வந்த 10,008 பேரில், சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, பாதிப் பேருக்கு ஸ்டீரொய்ட், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். மற்றச் சிகிச்சை எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று.

முடிவு 2004இல் வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்களை எண்ணினார்கள். ஸ்டீரொய்ட் கொடுக்காதவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேர். கொடுத்தவர்களில் நூற்றுக்கு 21 பேர். காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றிருந்தது! 20,000 பேரைச் சேர்க்க நினைத்த ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு தலைக்காயத்துக்கு அந்த மருந்தைக் கொடுப்பது நிறுத்தப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். அந்த டொக்டர்மாரும் கெடுதல் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் கிடந்த ஆளைக் காப்பாற்றத்தான் ஊசி போட்டார்கள். ஒரு டொக்டர் தன் கண்ணால் பார்த்து நூற்றுக்கு மூன்று பேர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் எழுதி, எண்ணி, ஒப்பிட்டால்தான் தெரியும். ஆராய்ச்சி என்றால் அவ்வளவுதான். நல்ல மனது தவறு செய்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது.

அதே ஆராய்ச்சியாளர்கள் அடுத்ததாக வேறு மருந்தை எண்ணினார்கள். ட்ரனெக்சாமிக் அமிலம் என்று அதற்குப் பெயர். உடம்பில் இரத்தம் உறைந்த கட்டி கரைந்து போகாமல் அது காக்கும். தாய்மார் இதைக் கவனமாகக் கேளுங்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகமோதோ என்ற அம்மாவும் அவர் கணவரும். அறிவித்த வருடம் 1962. பிள்ளைப்பேற்றில் இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அந்த அம்மாவின் எண்ணம். விலை குறைந்த மருந்து. ஆனால் விபத்தில் அடிபட்டவர்களுக்கு உதவுமா என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

'கிராஷ் 2' என்ற ஆராய்ச்சி அதைப் பார்த்தது. 40 நாடுகள், 274 வைத்தியசாலைகள், இரத்தம் போய்க்கொண்டிருந்த 20,211 காயக்காரர்கள். இந்தியாவும் இலங்கையும் அதில் இருந்தன. 2010இல் முடிவு வந்தது. மருந்து கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். கிடைத்தவர்களில் நூற்றுக்கு 14 அல்லது 15 பேர். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் உலகத்தில் விபத்தில் அடிபடுபவர்கள் எத்தனை இலட்சம் பேர் என்று நினைத்தால் அது சின்னது அல்ல. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தைக் காயக்காரர்களுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எங்களுக்கு முக்கியமானது இதற்குப் பிறகு தெரிந்தது. அதே கணக்கை நேரப்படி பிரித்துப் பார்த்தார்கள். அடிபட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பலன் மிகக் கூட. மூன்று மணித்தியாலம் வரை பலன் உண்டு. மூன்று மணித்தியாலம் தாண்டிக் கொடுத்தால் பலன் இல்லை, இரத்தப்போக்கால் இறப்பது கூடுகிறது.

2019இல் 'கிராஷ் 3' வந்தது. 29 நாடுகளில் 175 வைத்தியசாலைகள், தலைக்காயம் பட்ட 12,737 பேர். அங்கேயும் அதே கதை. மிக மோசமாக அடிபட்டவர்களில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் இலேசான, நடுத்தரமான தலைக்காயத்தோடு மூன்று மணித்தியாலத்துக்குள் மருந்து கிடைத்தவர்களில், தலைக்காயத்தால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏழு எட்டுப் பேரிலிருந்து ஆறு பேராகக் குறைந்தார்கள். நேரம் போகப் போகப் பலனும் குறைந்தது.

இப்போது எங்கள் அண்ணனின் இரண்டரை மணித்தியாலத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே ஒருவர் தென்னையிலிருந்து விழுந்தால், தோட்டத்து மண் பாதையைக் கடந்து வாழைச்சேனை வைத்தியசாலைக்குப் போக எவ்வளவு நேரம்? அங்கிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினால் இன்னும் சுமார் 30 கிலோமீற்றர். வாகனத்துக்கு அனுமதி கேட்டு நிற்கும் அரை மணித்தியாலம் மருந்தின் பலனைத் தின்றுவிடுகிறது. எங்கள் மேசைக்கு வரும்போது இது மருத்துவப் பிரச்சினையாக இருப்பதில்லை, வாகனப் பிரச்சினையாகவும் அனுமதிப் பிரச்சினையாகவும் இருக்கிறது. அதாவது, தொழிற்சங்கப் பிரச்சினை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சிகளில் படுத்திருந்தவர்கள் யார்? வீதியில் அடிபட்டவர்கள், கட்டடத்திலிருந்து விழுந்தவர்கள், எங்களைப் போன்ற நாடுகளின் பொது வைத்தியசாலைக்கு வந்த ஏழை மக்கள் ஏராளம். அவர்கள் உடம்பால் கிடைத்த அறிவு பணக்காரருக்கு மட்டும் சொந்தமாக முடியாது. அதை நாங்கள் கேட்டு வாங்குவது பிச்சை அல்ல. எங்கள் ஆட்கள் ஏற்கனவே விலை கொடுத்துவிட்டார்கள்.

யாராவது உங்களிடம் வந்து, "உங்கள் அப்பாவை ஒரு ஆராய்ச்சியில் சேர்க்கலாமா" என்று கேட்டால் பயந்து ஓட வேண்டாம். தலையாட்டி உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். என்ன மருந்து, என்ன ஆபத்து, ஒழுக்கவியல் குழு அனுமதி தந்திருக்கிறதா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கும், இடையில் விலகுவதற்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது.

முன்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவர், கூட்டம் தொடங்குவதற்கு முன் எங்களிடம் கேட்டார்: "இதெல்லாம் சரி தம்பி, மறுகா நாங்க என்ன செய்யிற?" அதற்குப் பதில் சொல்கிறோம். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆள் விழுந்தால் முதலில் நேரத்தைப் பாருங்கள். "எத்தனை மணிக்கு" என்று டொக்டர் கேட்கும்போது சரியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் உடனே 1990க்கு அழைக்க வேண்டும். அது இலவச அம்புலன்ஸ். 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. வீதிக்கு ஒருவரை அனுப்பி வழி காட்டச் சொல்லுங்கள். தோட்டப் பாதைக்குப் பெயர்ப்பலகை இல்லை.

ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். "தலையை ஆட்டாதீங்க, வாயால பதில் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். கேட்க வேண்டியவை மூன்று. கண்ணைத் திறக்கிறாரா? ஒழுங்காகப் பேசுகிறாரா? சொன்னால் கையையும் காலையும் அசைக்கிறாரா? கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரண்டு டொக்டர்மார் 1974இல் இந்த மூன்றையும் வைத்து அளக்கும் முறையை உண்டாக்கினார்கள். இப்போது அதில் 3 முதல் 15 வரை புள்ளி போடுகிறார்கள். இன்றைக்கு உலகமெல்லாம் தலைக்காயத்தை அப்படித்தான் அளக்கிறார்கள். புள்ளி போடுவது டொக்டரின் வேலை. ஆனால் முதல் நிமிடத்தில் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான். "விழுந்தவுடனே பேசினார், பத்து நிமிடம் கழித்துக் குழறினார்" என்ற ஒரு வசனம் டொக்டருக்குப் பெரிய உதவி.

இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். தண்ணீர், தேநீர், சாப்பாடு எதுவும் வேண்டாம். வாந்தி வந்தால் தலையை மட்டும் திருப்பாதீர்கள், உடம்பு முழுவதையும் ஒரு மரக்குற்றியைப் புரட்டுவது போல ஒரே நேரத்தில் பக்கவாட்டில் புரட்டுங்கள். அந்த இடத்தில் வேறு ஆபத்து இல்லாவிட்டால், அம்புலன்ஸ் வரும்வரை அவரை அங்கிருந்து நகர்த்தவே வேண்டாம். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் பலகையில் மட்டும். மோட்டார்சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போவது வேண்டவே வேண்டாம்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தார், பேசினார் என்று விட்டுவிடாதீர்கள். மண்டைக்குள் இரத்தம் மெல்ல மெல்லச் சேரலாம். நன்றாகப் பேசியவர் சில மணித்தியாலம் கழித்துச் சாய்ந்துவிடுவார். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஒழுகுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட வேண்டும். முக்கியமாக ஒன்று: "குடிச்சிட்டுத் தூங்குறான், விடு" என்று சொல்லாதீர்கள். குடித்தவரும் விழுவார், குடித்தவருக்கும் மண்டை உடையும். சாராய வாடை வந்தால் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உதைபந்தாட்டத்திலோ கபடியிலோ தலை மோதித் தலைசுற்றினால், அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. மூளை ஆறும் முன் இரண்டாவது அடி பட்டால் ஆபத்து பல மடங்கு. சர்வதேச கிரிக்கெட்டிலேயே 2019 ஓகஸ்ட் முதல், தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பெரிய அணி உட்காரச் சொல்லும்போது எங்கள் ஊர்க் கழகம் "ஒண்ணுமில்லை, எழும்பி ஓடு" என்று சொல்லக் கூடாது. மோட்டார்சைக்கிள் ஓடும் தம்பிமாருக்கும் ஒரு கணக்கு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தலைக்கவசம் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும், இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் குறைக்கிறது. பொலிஸைக் கண்டதும் போடுவதற்கு அல்ல அது.

நரம்புக் காயத்தையும் மறக்கக் கூடாது. கவ்வாத்துக் கத்தியோ தேங்காய் உரிக்கும் அலவாங்கோ மணிக்கட்டில் வெட்டினால், தோல் தைத்தவுடன் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். விரல் மரத்துப் போயிருக்கிறதா, விரிக்க மடக்க முடிகிறதா என்று அன்றைக்கே பாருங்கள். முடியாவிட்டால் டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அறுந்த நரம்பைச் சீக்கிரம் சேர்த்துத் தைத்தால் அது திரும்ப வளரும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்குப் போக மாதங்கள் வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்து காட்டினால் அந்த மாதங்கள் வீண். கொழுந்து எடுக்கும் கைக்கு விரல்தானே முதல்!

இவ்வளவு செய்தும் ஒருவருக்குக் கால் வராமல் போகலாம். அப்போது வாழ்க்கை முடிந்ததா? தமிழ்நாட்டில் வேலூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டொக்டர் இருந்தார். 1954இல் ஒரு வாகன விபத்தில் முள்ளந்தண்டு உடைந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, தொழுநோயால் நரம்பு கெட்டு விரல் மடங்கிப் போனவர்களின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் படித்தார். பிறகு வெளிநாட்டில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. முள்ளந்தண்டு உடைந்தவர்கள் அங்கே திரும்ப வாழப் பழகினார்கள். எங்கள் நாட்டிலும் ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கால் உணர்வு இல்லாதவர்களைக் கொல்வது பெரும்பாலும் முறிந்த எலும்பு அல்ல. ஒரே பக்கம் படுத்துக் கிடப்பதால் வரும் படுக்கைப் புண்ணும், சிறுநீரில் வரும் கிருமியும்தான். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அந்த வேலை இரவிலும் உண்டு. யார் செய்வது? மனைவி, மகள், தாய். பகலில் மலைக்கும் தோட்டத்துக்கும் போய்விட்டு இரவில் அலாரம் வைத்து எழும்புகிறவர்கள். எங்கள் அண்ணனின் மனைவி இந்த வேலையைச் செய்ததால்தான் அவர் இன்று உயிரோடு இருக்கிறார். அந்த அம்மாவின் பெயர் எந்த ஆராய்ச்சியிலும் வராது. இந்தக் கூட்டத்திலாவது அவருக்கு ஒரு வணக்கம் சொல்வோம்.

இப்போது அந்த அண்ணன் லயத்து வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கொப்பி எழுதுகிறார். எங்கள் தோட்டத்தில் யார் விழுந்தாலும், வெட்டுப்பட்டாலும், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன வேலையில், எத்தனை மணிக்கு வாகனம் வந்தது, எத்தனை மணிக்கு வைத்தியசாலை போய்ச் சேர்ந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த தடவை நிருவாகத்தோடு பேசப் போகும்போது, "வாகனம் சுணங்குது ஐயா" என்று கெஞ்சமாட்டோம். கொப்பியைத் திறந்து வைப்போம். லண்டனில் 10,008 பேரை எண்ணினார்கள். நாங்கள் எங்கள் தோட்டத்தை எண்ணுவோம். எண்ணாத வரைக்கும் ஒவ்வொரு விபத்தும் தலைவிதி. எண்ணத் தொடங்கினால் அதற்குப் பொறுப்பாளி இருப்பது தெரியும்.

சட்டமும் எங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையால் வந்த காயத்துக்கு வேலை கொடுப்பவர் நட்டஈடு தர வேண்டும் என்கிறது. ஆனால் வேலை நேரத்தில் விழுந்தார் என்பதற்கு எழுத்து வேண்டும். "வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு, வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வைத்தியசாலை அட்டையில் எப்படி விழுந்தார் என்று உண்மையை எழுதச் சொல்லுங்கள். விபத்தை எழுத்தில் உடனே அறிவியுங்கள். சங்கக் கிளைக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

ஆகவே, இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, தேயிலை நிறுக்கும் கொட்டிலிலும் தேங்காய்க் கொட்டிலிலும் பட்டி பூட்டிய நீளப் பலகை ஒன்று இருக்க வேண்டும். இரண்டு, ஆள் விழுந்தால் வாகனம் எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று நிருவாகம் எழுதித் தர வேண்டும். மூன்று, மரம் ஏறுகிறவர்களுக்கு இடுப்புப் பட்டியும், காற்று மழை நேரத்தில் ஏற மறுக்கும் உரிமையும் வேண்டும், மறுத்தால் பேர் வெட்டக் கூடாது. நான்கு, ஒவ்வொரு கிளையிலும் பத்துப் பேருக்கு முதலுதவிப் பயிற்சி, அதில் பாதிப் பேர் பெண்கள். ஐந்து, ஒவ்வொரு கிளையிலும் விபத்துக் கொப்பி ஒன்று.

கையுயர்த்தியதற்கு நன்றி. ஆனால் கையை இறக்கி வீட்டுக்குப் போய்விட வேண்டாம். மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு பழைய கதவுப் பலகை வைத்திருக்கிறோம். ஐந்து பேர் முன்னுக்கு வாருங்கள். ஒருவர் தலைமாட்டில், மூன்று பேர் பக்கத்தில், ஒருவர் பலகையோடு. விழுந்தவராக எங்கள் தம்பி ஒருவர் படுத்துக்கொள்வார். தலையைப் பிடித்திருப்பவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை வைக்க வேண்டும். அவர் சொல்லும் முன் யாரும் தூக்கக் கூடாது.

வாருங்கள், பழகிப் பார்ப்போம்.